விலை பேசாத நன்றி

முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு எல்லாரும் எழும்பினார்கள். நான் மட்டும் எழும்பவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உந்திப் பார்த்தேன், தொடையில் பலமே இல்லை. பக்கத்தில் நின்ற என் மகள் ஷாலினி குனிந்து, "அம்மா, பாட்டு தொடங்கிருச்சி, எழும்புங்க" என்றாள். "முடியலடி" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினோம்.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நாள் முழுக்கத் தூக்கி, இறக்கி, கழுவி, ஊட்டி, தாலாட்டி வாழ்கிற உடம்பு இது. அதற்கு முந்தின கிழமைகளில் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றோட்டம் வந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. அது நின்ற பிறகு விரல் நுனியில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. குளிருக்கு மரத்துப்போயிருக்கும் என்று கையை அடுப்பில் காட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கோயிலிலிருந்து என்னைக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. திரும்பத் தட்டினார். அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் சின்னது இல்லை என்று தெரிந்துகொண்டேன். அன்றைக்கே ஆம்புலன்சில் கண்டிக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் செல்வராஜ் தேயிலை ஃபெக்டரி உடுப்போடு அப்படியே ஏறிக்கொண்டார். ரம்பொடை வளைவுகள் முழுக்க என் பாதங்களைக் கையால் தேய்த்துக்கொண்டே வந்தார். அவர் தேய்த்தது எனக்குத் தெரியவே இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

கண்டியில் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளையையும் தண்டையும் சுற்றி இருக்கிற நீர் அது. அதைப் பரிசோதித்தால் நரம்பில் என்ன கோளாறு என்று தெரியுமாம். கட்டிலில் சுருண்டு படுக்கச் சொன்னார்கள். வயிற்றில் இருக்கிற குழந்தை மாதிரி படுக்கணும் என்று ஒரு நர்ஸ் சிங்களத்தில் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்து நரம்பில் சின்னச் சின்ன மின்சாரம் வைத்துப் பார்க்கிற சோதனை. அந்த அறைக்கு வெளியே தள்ளுவண்டியில் கிடந்த நேரம் நீளமானது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு போனார்கள். படுத்துக் கிடக்கிறவளிடம் யாரும் பேசுவதில்லை, அவள் பக்கத்தில் நிற்கிறவரிடம்தான் பேசுகிறார்கள் என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன்.

நோயின் பேரைச் சொல்ல வாய் வராது. ஜி.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். டாக்டரம்மா சிங்களமும் உடைந்த தமிழுமாக விளக்கினார். "கரண்ட் வயர் மேல பிளாஸ்டிக் இருக்குதானே? நரம்பு மேலயும் அப்பிடி ஒண்ணு இருக்கு. வயித்துல வந்த கிருமியோட சண்டை போட்ட உங்க உடம்பு, ஆள் மாறி அந்த பிளாஸ்டிக்கை அடிக்குது. அதான் கரண்ட் காலுக்குப் போகல."

"மேல ஏறுமா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏறலாம். கை, முகம், நெஞ்சு. ஏறி நிக்கும். அதுக்குப் பிறகு இறங்கும். பெரும்பாலும் இறங்கும்."

பெரும்பாலும் என்ற சொல்லை நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம்.

மருந்து கண்ணாடிப் போத்தல்களில் வந்தது. ரத்ததானம் செய்கிற ஆயிரக்கணக்கான பேருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற மருந்து என்றார் டாக்டரம்மா. வெளியே வாங்கினால் எங்கள் வாழ்நாள் சம்பளத்திலும் எட்டாத விலை. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் எங்களிடம் யாரும் ஒரு சதம் கேட்கவில்லை. சொட்டுச் சொட்டாக அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். யார் யாரோ. எந்த ஊரோ, எந்த மதமோ. கையை நீட்டிக் குத்தவிட்டு, ஒரு பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். அது எனக்கு வந்து சேரும் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் அவர்களுக்கு ஒன்றும் செய்திருக்கவில்லை, செய்யப்போவதும் இல்லை. நாற்பத்தி மூன்று வருஷமாகக் கிருபை, கிருபை என்று பாடினேனே, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அந்தப் போத்தலுக்குள் இருந்தது.

ஊசி என்றால் பயந்து ஓடுகிற என் புருஷன் அன்று பின்னேரம் ரத்த வங்கிக்குப் போய்க் கையை நீட்டினார். முகம் வெளுத்துத் திரும்பி வந்து, "குடுத்திட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

நோய் ஏறத்தான் செய்தது. கை விழுந்தது. முகம் விழுந்தது. கண் மூடாது, நர்ஸ் மருந்து போட்டு, பிளாஸ்டர் ஒட்டித்தான் தூங்கவைப்பார். மலசலம் எல்லாம் கட்டிலில். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கழுவிவிட்டவள் நான். என்னைக் கழுவுகையில் கண்ணை மூடிக்கொள்ளக்கூட வழி இல்லை.

எல்லாவற்றையும் விடக் கொடுமை அரிப்பு. மூக்கு நுனியில் அரித்தால் சொறிய முடியாது. அதற்காகச் சத்தம் போட்டு நர்சைக் கூப்பிடுவதா? ஒரு நாள் நான் கண்ணை உருட்டி உருட்டி மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டில் அம்மா மெல்ல இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் சேலைத் தலைப்பால் மூக்கைத் தேய்த்துவிட்டார். அப்பாடா என்று கத்திவிட்டேன். அவர் பேர் சோமாவதி. கம்பளைப் பக்கம். இருதய வால்வு பழுது, சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தார், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். அந்த நாலடியை எனக்காக ஒரு நாளைக்கு எத்தனை தரம் நடந்தாரோ. "நங்கி, எங்க அரிக்குது?" என்று கேட்பார். நங்கி என்றால் தங்கச்சி. "காதுக்குப் பின்னால அக்கே" என்பேன். நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்கி, தன்னுடைய சீப்பால் வாரிப் பின்னிவிடுவார். போயா என்கிற பௌர்ணமி நாளில் பன்சலை எனும் புத்த கோயிலுக்குப் பூ கொண்டுபோக முடியவில்லையே என்ற கவலை ஒன்றைத் தவிர அவரிடம் வேறு முறைப்பாடு கேட்டதில்லை.

அந்த நாட்களில்தான் பாஸ்டர் வந்தார். எங்கள் தோட்டத்துப் போதகர் இல்லை. ஹட்டன் பக்கம் மண்டபம் எடுத்துச் சுகமளிக்கும் கூட்டம் நடத்துகிறவர். பயத்தில் என் வீட்டுக்காரர் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தோடம்பழம் வாங்கி வந்தார் பாஸ்டர். என் தலையில் கைவைத்து ஜெபித்தபோது உண்மையாகவே அழுதார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் ஜெபம் முடிந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்:

"சகோதரி, ஆண்டவர் உங்களை முழங்கால்ல நிறுத்தியிருக்கார். எதுக்கு? நீங்க எதையோ அவருக்குக் குடுக்காம பிடிச்சி வச்சிருக்கீங்க. வீட்டுல இருக்கிறதுலயே பெரிசு எதுன்னு யோசிச்சிப் பாருங்க. அதை ஆண்டவருக்குன்னு பொருத்தனை பண்ணுங்க. நீங்க எழும்பி நடப்பீங்க."

எங்கள் வீட்டில் பெரிது ஒன்றே ஒன்றுதான். பசு மாடு. அதன் பால் விற்ற காசில்தான் ஷாலினி ஹட்டனுக்கு ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கப் போய் வருகிறாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"என்னங்க?"

"நானுவோயாவுல இருந்து ஒருத்தர் வந்து பாத்திட்டுப் போனாரு, ரூபி. மாட்டைக் கேக்குறாரு. வித்து ஊழியத்துக்குக் குடுத்திருவோம். நீ எழும்பினா போதும்."

எனக்கு அப்போது வாய் கோணிப்போய் இருந்தது. பேசினால் எச்சில் வழியும். கையைத் தூக்கித் துடைக்க முடியாது. இருந்தாலும் பேசினேன். அந்த வார்டே கேட்கிற மாதிரிப் பேசினேன்.

"பாஸ்டர், சிலுவையில தொங்கின நேரம் என் ஆண்டவர் யார்கிட்டயாவது விலை பேசினாரா? மாட்டைக் குடுத்தாத்தான் காலைக் குடுப்பேன்னு சொல்றவர் அவர் இல்ல. அப்பிடி ஒருத்தர் இருந்தா அவரை நான் கும்பிட மாட்டேன்."

"சகோதரி, சாவுப்படுக்கையில இப்பிடிப் பேசக்கூடாது."

"சாவுப்படுக்கையில பேசாம வேற எங்க பேச? குடுக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. குடுக்கணும். ஆனா இப்பவே குடுக்கணும். கால் வந்தா குடுப்பேன்னு சொன்னா அது நன்றி இல்ல, கடை வியாபாரம்." இவர் பக்கம் திரும்பினேன், தலை திரும்பாது, கண்ணைத் திருப்பினேன். "ஏங்க, மாட்டை விக்காதீங்க. நாளையில இருந்து காலைப் பால்ல பாதியைப் பிள்ளைக்காம்பராவுக்குக் குடுங்க. அங்க பாலில்லாத சக்கைத் தேத்தண்ணி குடிக்கிற பிள்ளைங்க இருக்கு. நான் நடந்தாலும் குடுங்க, நடக்காட்டியும் குடுங்க. செத்தாலும் நிப்பாட்டாதீங்க."

பாஸ்டர் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழும்பினார். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்தமாதிரிச் சொன்னார். அதுதான் இவரை உலுக்கிவிட்டது.

சோமாவதி அக்கா வந்து என் வாயைத் துடைத்துவிட்டு, "என்ன சண்டை நங்கி?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் என் முடியை ஒதுக்கிவிட்டு, "பாதிப் பால் நல்லது, கண்ணுக்குட்டிக்கும் கொஞ்சம் வைக்கச் சொல்லு" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் எனக்கு மூச்சு போனது. ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி நெஞ்சின் பலத்தைப் பார்ப்பார்கள். நர்ஸ் சிங்களத்தில் எக்காய், தெக்காய் என்று எடுத்துக் கொடுக்க நான் தமிழில் எண்ணுவேன். அன்று ஒன்று, ரெண்டு சொன்னேன். மூன்று வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்கி இயந்திரத்தில் போட்டார்கள். மூச்சை நான் விடவில்லை. அது எனக்கு விட்டது.

தோட்டத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தேவ ஊழியரை எதிர்த்துப் பேசினாள், மறுநாளே ஆண்டவர் மூச்சைப் பிடித்தார் என்றார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்: "பொஞ்சாதி சாகக் கெடக்கா, இவன் ஊருக்குப் பால் ஊத்துறான்! மாட்டைக் குடுத்துத் தொலைடா!" மாடு கேட்டவர் கயிறோடு வந்து நின்றிருக்கிறார். எனக்குக் குழாய் போட்ட மறுநாள் விடிய, உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்த மனுஷன் இவர். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவால் இறங்கிப் பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருக்கிறார். பக்கத்து லயத்து வரிசை வீட்டு லெச்சுமி அக்காதான் எனக்குப் பதிலாக அங்கே நின்றார். மாரியம்மன் பக்தை, எனக்காக விரதம் இருந்தவர். வாளியை வாங்கிக்கொண்டு, "இது எதுக்கு அண்ணே இந்த நேரத்துல?" என்று கேட்டாராம். "ரூபி சொன்னா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்டிக்குப் பஸ் ஏறியிருக்கிறார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த இயந்திரத்தின் சத்தம், மேலே இருந்த வெள்ளை விளக்கு, நாளும் பொழுதும் குழம்பிப்போன ஒரு பயம். மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று நினைப்பேன். நர்ஸ் என்னை மறந்துவிட்டால்? ஜெபிக்கவும் முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சொல் ஒன்றும் வரவில்லை. வேலைநாளின் பேரும் அன்றைய சம்பளமும் போனாலும் போகட்டும் என்று இவர் தினமும் வந்தார். உள்ளே விடுகிற கொஞ்ச நேரத்தில் என் காதோடு குனிந்து ஒரே ஒரு வரி சொல்வார்.

"இன்னைக்கும் குடுத்தேன், ரூபி."

அவர் கண்டியிலேயே தங்கிவிட்ட நாட்களில் ஷாலினி பால் கறந்து கொண்டுபோனாள். அந்த நாளிலும், "இன்னைக்கும் குடுத்தோம்" என்பார். நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் எனக்குள்ளே ஒருவிதத் திமிர் எழும்பும். அதை வேறு எப்படிச் சொல்ல? மரணமே, நீ என் காலை எடுத்தாய், கையை எடுத்தாய், மூச்சை எடுத்தாய். ஆனாலும் இன்று காலை எங்கள் வீட்டிலிருந்து பால் போயிருக்கிறது. அதை உன்னால் நிறுத்த முடியவில்லை. எனக்கு ஜெபமாக இருந்தது அது ஒன்றுதான்.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே நோய் ஏறி நின்றது, பிறகு இறங்கத் தொடங்கியது. குழாயை எடுத்த அன்று தொண்டை புண்ணாகிக் குரல் காற்றாக வந்தது. வார்டுக்குத் திரும்பக் கொண்டுவந்ததும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். வேறு ஒரு பெண் படுத்திருந்தாள். சோமாவதி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாரா என்று நர்சிடம் கேட்டேன். அவர் என் போர்வையைச் சரிசெய்தார். தேவையில்லாமல் சரிசெய்தார்.

"சத்திரசிகிச்சைக்கு முந்தியே போயிட்டாங்க" என்றார். பிறகு என் தலைமாட்டு அலுமாரியைத் திறந்து ஒரு சீப்பை எடுத்துக் காட்டினார். "உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க."

கை தூக்க முடியாததால் அழுத கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

மாதக்கணக்கில் பயிற்சி. முதலில் பெருவிரல் அசைந்தது. பிறகு உட்காரப் பழகினேன், பிறகு இரண்டு பேர் பிடிக்க நிற்க. நடக்க உதவுகிற இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் வார்டு வாசல்வரை போனேன். வீட்டுக்கு வந்தபோது இடது பாதம் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, இப்போதும் அப்படித்தான். பட்டை போட்டுக் கட்டித்தான் நடக்கிறேன். மழைநாளில் லயத்துப் படி இறங்க எனக்கு ஆள் வேண்டும்.

நான் நடப்பதைக் கேள்விப்பட்டு ஹட்டன் பாஸ்டரிடமிருந்து அழைப்பு வந்தது. சாட்சி சொல்ல வரவேண்டுமாம். "வேணாம் ரூபி, பிரச்சினை" என்றார் இவர். "போவோம்" என்றேன். தடியை ஊன்றி மேடை ஏறினேன். மண்டபம் நிறைய ஆட்கள். முக்கால்வாசிப் பேர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். நோயோடு வந்தவர்கள், பிள்ளையில்லாதவர்கள், குடிகாரப் புருஷனோடு மல்லுக்கட்டுகிறவர்கள். என்னைப் பார்த்தே கைதட்டினார்கள்.

"என்னை ஆண்டவர் எழுப்பினாரு" என்று தொடங்கினேன். அல்லேலூயா என்றார்கள். "ஆனா நான் அவருக்கு ஒண்ணும் குடுத்து எழும்பல. முகம் தெரியாத சனங்க குடுத்த ரத்தத்துல எழும்பினேன். நர்ஸ்மாரும் டாக்டர்மாரும் எழுப்பினாங்க. அவங்க கையிலதான் ஆண்டவர் இருந்தாரு. என் பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்தாங்க. என்னை விட எவ்வளவோ நல்லவங்க. மூச்சு வாங்க வாங்க எனக்குச் செஞ்சாங்க. அவங்க செத்துட்டாங்க. அவங்க குறையக் குடுத்ததாலயா செத்தாங்க? எனக்குச் சொல்லுங்க. நம்ம சனம் கை நீட்டி வாங்குறதை மட்டும்தான் உதவின்னு வர்றவங்க எல்லாரும் படம் எடுக்குறாங்க. நமக்குக் குடுக்கவும் தெரியும். குடுங்க, நெறைய குடுங்க. ஆனா பயத்துல குடுக்காதீங்க. பயந்து குடுக்கிறதுக்குப் பேரு காணிக்கை இல்ல."

யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கிப் பாட்டுத் தொடங்கினார். நான் இறங்கி வரும்போது ஓரத்தில் இருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வாசலில் பாஸ்டர் வந்தார். "என்னைச் சங்கடப்படுத்திட்டீங்க சகோதரி."

"நீங்க என் வீட்டுக்காரரைப் பயப்படுத்திட்டீங்க பாஸ்டர். அது அதைவிடப் பெரிசு. ஆனா எனக்காக அழுதீங்க. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

என் வீட்டுக்காரர் என் தடியை வாங்கிக்கொண்டு என்னைப் பஸ்சில் ஏற்றினார்.

போன மாதம் கண்டிக்குக் கிளினிக் போனபோது பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒரு விஷயம் சொன்னார். அக்கரப்பத்தனைப் பிள்ளை ஒருத்திக்கு இதே நோய். கை கால் விழுந்து அங்கேயே வார்டில் கிடக்கிறாள், யாரோடும் பேசமாட்டாள். அடுத்த கிழமை போத்தலில் கஞ்சி ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். "யாருங்க, சொந்தமா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். இல்லை என்றேன்.

தனலெட்சுமி என்று பேர். கழுத்தில் மந்திரித்த கயிறு, மணிக்கட்டில் இன்னொன்று. சாப்பாடு விழுங்குவாள், கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். கட்டிலோரம் உட்கார்ந்து என் பாதத்துப் பட்டையைக் காட்டி, எனக்கும் இப்படித்தான் வந்தது என்று சொன்னேன். அவள் என் காலைப் பார்த்தாள், தடியைப் பார்த்தாள், கடைசியில் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க நடக்கிறீங்க அக்கா" என்றாள். குரல் குழறியது. "எந்தக் கோயிலுக்கு என்ன நேந்துகிட்டீங்க? சொல்லுங்க. எங்க வீட்டுல என்ன இருக்கோ அதை வித்தாவது செய்யச் சொல்றேன்."

"ஒண்ணும் நேரலம்மா. உன் வீட்டுலயும் யாரும் ஒண்ணையும் விக்க வேணாம்."

"அப்ப எனக்கும் சும்மாவே கெடைக்குமா?"

"இந்தக் கஞ்சி சும்மாதான். வாயைத் தெற."

அவள் வாயைத் திறந்தாள்.